பதினோரு காய்ச்சல்

1

எங்கள் வீட்டில் யாரும் கொண்டாடாத ஆண்டு நிறைவு ஒன்று இந்தத் திங்கட்கிழமை வந்து போனது. போன வருஷம் இதே வாரம்தான் என் மகள் தாரணி, காலை ஏழே முக்காலுக்குச் சீருடை போட்டு, தலை சீவி, ஷூவும் மாட்டிக்கொண்டு மாடிப்படியின் கடைசிப் படியில் வந்து உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை.

"வயிறு வலிக்குதுங்கம்மா" என்றாள்.

அப்போது அவளுக்குப் பன்னிரண்டு முடிந்து பதின்மூன்று நடக்கிறது. இங்கிலாந்தில் பிறந்தவள். தமிழை என்னிடம் கற்றுக்கொண்டதால் எதைச் சொன்னாலும் ஒரு 'ங்க' சேர்த்துவிடுவாள். இங்கிருக்கிற சென்னைக்கார சிநேகிதிகள் அதைக் கேட்டுச் சிரிப்பார்கள். எனக்கு அதில் பெருமைதான்.

என் வீட்டுக்காரர் பழனிசாமி இந்த ஊரில் பேருந்து ஓட்டுகிறார். முதல் வண்டி அவருடையது என்பதால் ஐந்து மணிக்கே கிளம்பிவிடுவார். நான் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் கருவிகளைக் கழுவி அடுக்கும் பிரிவில் இருக்கிறேன். எட்டரைக்கு அங்கே நின்றாக வேண்டும். ஆக, பிள்ளையை எழுப்பி, கிளப்பி, அனுப்பும் முக்கால் மணி நேரம் முழுக்க என் தலையில்தான். அந்த முக்கால் மணி நேரத்தில் வயிற்றுவலியைப் பற்றி உட்கார்ந்து பேச எனக்கு நேரமும் இல்லை, பொறுமையும் இல்லை. "பாத்ரூம் போயிட்டு வா, செரியாப்போயிரும்" என்றேன். அவள் அசையவில்லை.

இங்கே பிள்ளை வராவிட்டால் காலையிலேயே பள்ளிக்கூடத்துக்குப் போன் செய்து சொல்லிவிட வேண்டும். எடுப்பது ஆள் இல்லை, இயந்திரம். பிள்ளையின் பெயர், வகுப்பு, வராத காரணம் என்று அது கேட்கும். பெயரைச் சொன்னேன், வகுப்பைச் சொன்னேன். காரணம் என்று வந்ததும் யோசிக்கவே இல்லை. "காய்ச்சல்" என்றேன்.

வயிற்றுவலி என்று அவளே வாயைத் திறந்து சொல்லியிருக்கிறாள். அதையாவது சொல்லித் தொலைத்திருக்கலாம். என் வாயில் வந்தது காய்ச்சல்தான். அது எங்கிருந்து வந்தது என்று உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். ஆனாலும் சொல்கிறேன்.

2

மல்லசமுத்திரத்தில் நான் படித்த பள்ளிக்கூடத்தில் விடுப்புக் கடிதம் என்றால் ஒரே ஒரு கடிதம்தான். ஆங்கிலப் பாட வேளையில் கரும்பலகையில் எழுதிப்போட்டு மனப்பாடம் செய்யவைத்தது. எனக்குக் காய்ச்சலாக இருப்பதால் என்று தொடங்கி, தங்கள் கீழ்ப்படிந்துள்ள மாணவி என்று முடியும். தலைவலிக்கும் அதுதான், சித்தி கல்யாணத்துக்கும் அதுதான், கடலைக்காய் பிடுங்கப் போகிற நாளுக்கும் அதுதான். தேதியை மட்டும் மாற்றுவோம். அம்மா கீழே கையெழுத்துப் போடுவார். என்ன எழுதியிருக்கிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை.

எங்கள் அப்பா போர்வெல் ரிக் வண்டி ஓட்டினார். திருச்செங்கோட்டுப் பக்கத்து ஆட்கள் பாதிப் பேர் அந்தத் தொழில்தான். வருஷத்தில் ஒன்பது மாதம் வடக்கே எங்கேயாவது பூமியில் ஓட்டை போட்டுக்கொண்டிருப்பார்கள். அங்கே மழை பிடித்து வேலை நின்றால்தான் வண்டிகள் ஊர் திரும்பும். அந்த வாரம் எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்குக் காய்ச்சல். அப்பா வந்திருக்கிறார், அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு வீட்டிலேயே இருக்கப் போகிறேன் என்று எழுத எங்களுக்கு யாரும் கடிதம் சொல்லித்தரவில்லை. எனக்கு அப்பாவோடு டிவிஎஸ் வண்டியில் முன்னால் நின்றுகொண்டு திருச்செங்கோடு போக வேண்டும், ஓட்டலில் பரோட்டா தின்ன வேண்டும். அதற்குப் பெயர் காய்ச்சல்.

நாலாம் நாள் வகுப்புக்குப் போய்க் கடிதத்தை நீட்டினால் டீச்சர் மடிப்பைக்கூடப் பிரிக்கமாட்டார்.

"என்ன, அப்பா வந்துட்டாராட்ட இருக்குது?"

"ஆமாங்க டீச்சர்."

"எத்தன நாளைக்கு இருப்பாரு?"

"பதினஞ்சு நாளுங்க."

"சரி, போயி உக்காரு."

கடிதம் மேசை டிராயருக்குள் போய்விடும். அது பொய் என்று எழுதியவளுக்கும் தெரியும், வாங்கியவருக்கும் தெரியும். அதனால் அதை யாரும் பொய்யாகவே நினைக்கவில்லை.

அந்தப் பள்ளிக்கூடத்தைப் புகழ்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். என் தங்கை செல்வியின் பெஞ்சில் ராஜேஸ்வரி என்று ஒரு பெண் இருந்தாள். அவளும் காய்ச்சல் என்றுதான் கடிதம் கொண்டுவருவாள். வாரத்தில் ஒருநாள் என்று தொடங்கியது, பிறகு மூன்று நாள் ஆனது. அவள் அப்பா ரிக் வண்டிக்காரர் இல்லை. அவள் கடிதத்தையும் யாரும் பிரிக்கவில்லை. ஒன்பதாம் வகுப்புப் பாதியில் பதிவேட்டில் அவள் பெயரை அடித்துவிட்டார்கள். நூல் மில்லுக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். எத்தனையோ வருஷம் கழித்துத் திருச்செங்கோடு பஸ் ஸ்டாண்டில் செல்வி அவளைப் பார்த்திருக்கிறாள். "யாராச்சும் ஒருத்தர் ஊட்டுக்கு வந்து ஏன் புள்ள வரலைன்னு கேட்டிருந்தா நா வந்திருப்பேன்" என்றாளாம். செல்வி இதை என்னிடம் சொன்னபோது அழுதாள். செல்வி சுலபத்தில் அழுகிறவள் இல்லை.

3

முதல் காய்ச்சல் ஒருநாள். அடுத்த வாரம் இரண்டு. அதற்கடுத்த வாரம் மறுபடி திங்கட்கிழமை. தாரணி படியில் வந்து உட்காருவாள், நான் கத்துவேன், அவள் அழுவாள், மணி எட்டேகால் ஆகும், நான் போனை எடுத்துக் காய்ச்சல் என்பேன். சில நாள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் பள்ளி வாசலில் விட்டுவிட்டு ஓடியும் இருக்கிறேன். அப்படி விட்ட நாட்களில் பாதி, மத்தியானமே போன் வரும், உங்கள் மகளுக்கு உடம்பு சரியில்லை, வந்து கூட்டிப்போங்கள் என்று.

என்னதான் ஆச்சு, சொல்லித்தொலை என்று கேட்காத நாள் இல்லை. "யாராச்சும் அடிச்சாங்களா?" இல்லை. "கெட்ட வார்த்தை சொன்னாங்களா?" இல்லை. "பின்ன என்னடி?" குனிந்து ஷூவை அவிழ்க்கத் தொடங்கிவிடுவாள். அவள் என்னிடமிருந்து தூரமாகப் போய்க்கொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது. கதவைச் சாத்திக்கொள்வாள். தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வரும். அந்த 'ங்க' எங்கே போனதென்று தெரியவில்லை.

இதற்கிடையில் பள்ளியிலிருந்து கடிதங்கள் வரத் தொடங்கின. உங்கள் மகளின் வருகை இத்தனை சதவீதம் என்று ஒரு வண்ணப் பட்டை போட்டிருக்கும். பச்சையில் இருந்தவள் மஞ்சளுக்கு வந்தாள். மஞ்சள் சிவப்பை நோக்கி நகர்ந்தது. பதினோராவது காய்ச்சல் முடிந்ததும் வந்த கடிதத்தின் தொனி வேறு மாதிரி இருந்தது. மிரட்டல் இருக்கும் என்று பயந்துகொண்டே பிரித்தேன். அக்கறை இருந்தது. இத்தனை முறை காய்ச்சல் வருவது எங்களுக்குக் கவலையளிக்கிறது, குழந்தையை உடனே மருத்துவரிடம் காட்டுங்கள் என்று எழுதி, வருகைப் பதிவைக் கவனிக்கிற லிண்டா என்கிற அம்மாள் கையெழுத்துப் போட்டிருந்தார்.

அடக் கடவுளே, நம்பிவிட்டார்களே என்றுதான் முதலில் தோன்றியது. ஊரில் யாரும் நம்பாத காய்ச்சலை இங்கே அத்தனை பேரும் நம்பியிருக்கிறார்கள்.

அன்றைக்கே போய் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பொய்யான தகவல் கொடுத்தார்கள் என்று எழுதிவைத்துவிட்டால் என்ன ஆவது என்று பயம். எங்கள் குடியுரிமை விண்ணப்பம் வேறு எங்கோ ஒரு மேசையில் காத்திருந்தது. இத்தனை வருஷம் இந்த நாட்டில் இருந்தும், சின்ன வயசில் தாலுகா ஆபீஸ் வாசலில் அம்மாவோடு நின்றபோது இருந்த அதே பயம்தான் எனக்கு இன்னமும். மருத்துவரிடம் நேரம் வாங்கினேன்.

மருத்துவர் சின்னப் பெண். என்னைக் கேட்கவில்லை, தாரணியைத்தான் கேட்டார். காய்ச்சல் எப்போது வரும், எவ்வளவு நேரம் இருக்கும், குளிர் எடுக்குமா என்று. தாரணி ஒரு நொடி என்னைப் பார்த்தாள். பிறகு மருத்துவரைப் பார்த்துச் சொன்னாள். காலையில் வரும், மத்தியானம் போய்விடும், சில சமயம் குளிரும் என்று. நான் சொல்லிக்கொடுக்கவே இல்லை. என்னைக் காப்பாற்ற அவளாகவே சொன்னாள்.

மருத்துவர் ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக்கொடுத்தார். நாலு நாள் கழித்துப் போனோம். தாரணிக்கு ஊசி என்றால் சின்ன வயசிலிருந்தே உயிர் போய்விடும். சட்டைக்கையை மடித்துவிட்டுக் கையை நீட்டினாள். மூன்று குழாய் எடுத்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் நானும் பேசாமல் உட்கார்ந்திருந்தேன், வாயில் மண்ணை அடைத்தமாதிரி.

காரில் ஏறிய பிறகு பஞ்சை அழுத்திக்கொண்டே கேட்டாள். "அம்மா, எனக்குக் காய்ச்சலே இல்லதானுங்களே?"

அந்த 'ங்க' திரும்பி வந்திருந்தது. நான் வண்டியை எடுக்காமல் ஸ்டீயரிங்கில் தலையை வைத்து அழுதேன்.

4

செல்வி இப்போது மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் ஆசிரியை. என்னைவிட ஆறு வயது சின்னவள். அடுத்த நாள் என் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவளைக் கூப்பிட்டேன். ஊரில் மாலை ஆகியிருந்தது. எங்கேயோ நடந்துகொண்டே பேசினாள். பின்னால் விசைத்தறி ஓடும் சத்தம் கேட்டது.

நடந்ததை எல்லாம் கொட்டினேன். முடித்ததும், "ஏங்க்கா, புள்ளைக்கு இல்லாத காய்ச்சலுக்கு ரத்தம் எடுத்துப்போட்டு வந்திருக்கற. உனக்கு மண்டையில ஏதாச்சும் இருக்குதா?" என்றாள்.

தங்கையிடம் திட்டு வாங்குவது எனக்குப் புதிதில்லை. வாங்கிக்கொண்டேன்.

"நீ எதுக்கு அவகிட்ட ஏன் ஏன்னு கேக்கற? எங்க புள்ளைங்ககிட்ட ஏன் வரலைன்னு கேட்டா ஒண்ணும் சொல்லாதுங்க. அதுங்களுக்கே சொல்லத் தெரியாது. நா அப்படிக் கேக்கறதே இல்ல. மூணு நாள் வரலைன்னா ஊட்டுக்குப் போவேன். தண்ணி வாங்கிக் குடிப்பேன். வா கண்ணு, பள்ளிக்கூடம் வரைக்கும் சித்த நடந்துட்டு வருலாம்னு கூட்டிட்டு நடப்பேன். எந்த எடத்துல கால் நிக்குதுன்னு பாப்பேன். அவ்வளவுதான்."

அப்போதும் ஒரு பிள்ளையின் வீட்டுக்குத்தான் போய்க்கொண்டிருந்தாள். கோமதி என்று ஏழாம் வகுப்புப் பெண். கெங்கவல்லிப் பக்கமிருந்து தறி வேலைக்காக வந்த குடும்பம். கோமதியும் காய்ச்சல் என்று கடிதம் மேல் கடிதமாகக் கொடுத்திருக்கிறாள். செல்வி அவளோடு நடந்து பார்த்தபோது கால் நின்ற இடம் பள்ளிக்கூடத்தின் முன்கேட்டு. அம்மாவுக்கு இராத்திரி ஷிப்டு, காலையில் எழுப்ப ஆள் இல்லை, தம்பியைக் கிளப்பிவிட்டு வருவதற்குள் பத்து நிமிஷம் ஆகிவிடும். பிந்தி வருகிறவர்களைப் பிரேயரில் எல்லோருக்கும் முன்னால் வரிசையாக நிற்கவைப்பது பள்ளி வழக்கம்.

"பத்து நிமிசத்துக்கு வெக்கப்பட்டுட்டு நாள் பூராவும் உட்டுப்போடறாக்கா. நானே எத்தன புள்ளைங்கள அந்த வரிசைல நிக்க வெச்சிருக்கேன். எச்சம்மாகிட்டச் சொல்லி அந்த வரிசையவே எடுத்துட்டோம். இப்போ சத்துணவுக்கூடத்துப் பக்கமா உள்ள வந்து உக்காந்துக்கறா. முழுசாச் செரியாயிருச்சுன்னு சொல்ல மாட்டேன். இன்னைக்குக்கூட வரல, அதான் போயிட்டிருக்கேன்."

தலைமையாசிரியையை அவர்கள் எச்சம்மா என்பார்கள். நான் சிரித்துவிட்டேன். ஒரு மாதத்தில் அதுதான் முதல் சிரிப்பு.

"செல்வி, பள்ளிக்கூடத்துல போயிச் சொல்லிரட்டுமா?"

"சொல்லாம? அந்தம்மா நம்புனது ஒரு தப்பா? எங்கிட்டக் காய்ச்சல்னு குடுத்தா நா நம்ப மாட்டேன், நேராப் போயிருவேன். அவங்க நம்புனதுனால வேற பக்கம் தேடிட்டு இருக்கறாங்க. நீ உண்மையச் சொன்னாத்தான அந்தப் புள்ளைய யாராச்சும் தேடுவாங்க?"

5

சனிக்கிழமை பள்ளிக்கூடம் மூடியிருக்கும்போது தாரணியை அழைத்துக்கொண்டு நடந்தேன். இருபது நிமிஷ நடை. சும்மா நடக்கலாம் வா என்றதும் சந்தேகமாகப் பார்த்தாள், ஆனால் வந்தாள். தபால்பெட்டி தாண்டினோம், ஒன்றுமில்லை. பேருந்து நிறுத்தம், ஒன்றுமில்லை. பள்ளிக் கேட்டுக்கு முன்னால் நின்று, "இங்கயா கண்ணு?" என்றேன். இல்லை என்று தலையாட்டினாள். கம்பி வேலியை ஒட்டிப் பாதிச் சுற்று வந்த பிறகு அவளே நின்றாள். உள்ளே பெரிய பெரிய ஜன்னல் வைத்த ஒரு கட்டடம். சாப்பாட்டு ஹால்.

"அங்க" என்றாள்.

பிறகு வேலியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். இரண்டு மொழியும் கலந்துதான் வந்தது. அவர்கள் மூன்று பேர் சிநேகிதிகள். பள்ளி திறந்த மாதம் ஒருத்தி குடும்பத்தோடு வேறு ஊருக்குப் போய்விட்டாள். மிச்சமிருந்தவள் வேறு கூட்டத்தோடு சேர்ந்து வேறு மேசைக்குப் போனாள். அங்கே ஒவ்வொரு மேசையும் ஒரு கூட்டத்துக்கு என்று யாரும் எழுதிவைக்காத கணக்கு. முதல் நாள் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நடுவில் நின்று பார்த்திருக்கிறாள். யாரும் போ என்று சொல்லவில்லை. யாரும் வா என்றும் சொல்லவில்லை. தட்டைக் கொட்டிவிட்டுக் கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு மணி அடிக்கும்வரை நின்றிருக்கிறாள். மறுநாளும் அப்படித்தான். அதற்கடுத்த நாளும்.

"யாரும் எதுவும் பண்ணலைங்கம்மா. அதனாலதான் எனக்குச் சொல்லத் தெரியல."

நாற்பது நிமிஷம் கழிவறையில் நின்றிருக்கிறது என் பிள்ளை. அந்த நேரத்தில் நான் ஆஸ்பத்திரியில் என் கூட்டத்தோடு உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்திருப்பேன். தெருவென்றும் பார்க்காமல் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது, ஆனால் தள்ளிவிடவில்லை.

வீட்டில் பழனிசாமிக்கு நான் போய்ச் சொல்வதில் இஷ்டமில்லை. "நீயா எதுக்குப் போயி மாட்டிக்கோணும்? இனிமேப்பட்டுக் காய்ச்சல்னு சொல்லாம உட்டுப்போட்டா முடிஞ்சுது" என்றார்.

"ஏனுங்க, எனக்காக அவ டாக்டர்கிட்டப் பொய் சொன்னாளுங்க. நாம பேசாம இருந்தா அதையேதான கத்துக்குவா?" என்றேன். திங்கட்கிழமை அவர் வண்டியை வேறு ஆளிடம் மாற்றிவிட்டு என்னோடு வந்து நின்றார்.

லிண்டாவின் அறை ஒரு அலமாரி அளவுதான் இருந்தது. கோபம் வந்தால் எனக்கு ஆங்கிலம் நன்றாக வரும், பயம் வந்தால் வராது. அன்றைக்கு வரவில்லை. வினைச்சொல் ஒரு பக்கம், பெயர்ச்சொல் ஒரு பக்கம் என்று உடைந்து உடைந்து சொன்னேன். காய்ச்சல் இல்லை. ஒருநாளும் இல்லை. எங்கள் ஊரில் அப்படித்தான் எழுதுவோம். தப்பு என் மேல், மகள் மேல் இல்லை.

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். ரத்தப் பரிசோதனை முடிவு வந்துவிட்டதா என்று கேட்டார். வந்துவிட்டது, எதுவும் இல்லை என்றேன். பெரிதாக மூச்சுவிட்டார். தன் அக்கா மகளுக்கு இப்படித்தான் விட்டுவிட்டுக் காய்ச்சல் வந்து பிறகு பெரிய நோயாக முடிந்ததாம். இரண்டு வாரமாகத் தாரணியை நினைத்துத் தூக்கமில்லை என்றார். அந்த இடத்திலேயே நான் பூமிக்குள் போய்விட மாட்டேனா என்று இருந்தது.

பதிவை மாற்றித்தான் ஆக வேண்டும் என்றும் சொல்லிவிட்டார். பதினோரு நாளும் நோய் என்று இருந்தது, இனிமேல் அனுமதியில்லாத விடுப்பு என்று இருக்கும். அதற்கு முறைப்படி ஒரு எச்சரிக்கைக் கடிதம் வரும், தன்னால் அதை நிறுத்த முடியாது என்றார். அதே மூச்சில், வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த தாரணியை உள்ளே கூப்பிட்டு, இன்றைக்கு மத்தியானம் எங்கே உட்கார்ந்து சாப்பிட்டால் உனக்குச் சரியாக இருக்கும் என்று கேட்டார்.

இத்தனை வாரத்தில் நான் கேட்காத கேள்வி அது.

6

நூலகத்துக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. ஐந்தாறு பிள்ளைகள் அங்கே சாப்பிடுவார்கள், நூலகத்துப் பெண்மணி கூட இருப்பார். தாரணி அங்கே போகத் தொடங்கினாள். அன்றிலிருந்து எல்லாம் சுகம் என்று எழுத ஆசைதான். ஆனால் பிப்ரவரியில் இரண்டு தரம் மறுபடி படியில் உட்கார்ந்தாள். அந்த இரண்டு தரமும் நான் கத்தவில்லை என்றும் எழுத ஆசைதான். முதல் தரம் கத்தினேன். எச்சரிக்கைக் கடிதமும் சொன்னபடி வந்தது. குடியுரிமைக்காரர்கள் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. இத்தனை நாள் எதற்குத்தான் பயந்து செத்தேனோ தெரியவில்லை.

ஆகஸ்டில் ஊருக்குப் போனோம். இங்கே விடுமுறை, அங்கே பள்ளிக்கூடம் நடக்கிறது. வீட்டில் சும்மா கிடக்கிறாளே என்று செல்வி தாரணியைத் தன் பள்ளிக்கு இழுத்துக்கொண்டு போனாள். முதல் நாள் போகவே மாட்டேன் என்றாள். மூன்றாம் நாள் எனக்கு முன்னால் குளித்துவிட்டு வாசலில் நின்றாள்.

அந்த வாரத்தில் கோமதி இரண்டு நாள் வரவில்லை. மாலையில் செல்வி கிளம்பியபோது நாங்களும் கூடப் போனோம். தகரக்கூரை போட்ட வீடு, பக்கத்திலேயே தறிக்கூடம். கோமதியின் அம்மா ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். செல்வி வழக்கம்போலத் தண்ணீர் கேட்டாள். சொம்பைக் கொண்டுவந்து கொடுத்த கோமதி, கூடவே நாலாக மடித்த ஒரு தாளையும் நீட்டினாள்.

"என்ன கண்ணு இது?"

"லீவ் லெட்டர் டீச்சர். காய்ச்சல்."

செல்வி அதை வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டாள். அப்போது தாரணி தன் உடைந்த தமிழில், யாரும் கேட்காமலேயே சொன்னாள்.

"எனக்கும் வந்துச்சுங்க. பதினோரு தடவ."

கோமதி நிமிர்ந்து பார்த்தாள். இந்த வெளிநாட்டுப் பெண் தன்னைக் கேலி செய்கிறாளா என்று பார்க்கிற பார்வை. தாரணி சிரிக்கவில்லை. "ரத்தமெல்லாம் எடுத்தாங்க" என்று முழங்கையின் உள்பக்கத்தைக் காட்டினாள். காட்ட அங்கே ஒன்றும் இல்லை, ஆறின கை. கோமதிக்கு முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் கண் கலங்கியது. தம்பிக்கு அம்மை போட்டிருக்கிறது, அவனைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை, அதைச் சொன்னால் தன்னையும் ஒரு மாதத்துக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிடுவார்களோ என்று பயம் என்று சொன்னாள்.

"அட சாமி, அதுக்கா இப்படி? தம்பிக்குத் தலைக்கு ஊத்தற வரைக்கும் பாடத்த நா ஊட்டுக்குக் குடுத்துடறேன். பொறவு நீ வந்துரோணும்" என்றாள் செல்வி. தாளைத் திருப்பிக் கோமதியின் கையிலேயே கொடுத்தாள். "நெசத்த எழுதிக் கொண்டா. தம்பிக்கு அம்மைன்னு எழுது. நா கையெழுத்துப் போட்டு வாங்கிக்கறேன்."

திரும்பி நடக்கும்போது தாரணி என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். பதின்மூன்று முடிந்த பெண், சேலம் பக்கத்து ரோட்டில், எல்லோரும் பார்க்க. நான் அதைக் கவனிக்காத மாதிரியே நடந்தேன். கவனித்ததாகக் காட்டினால் கையை எடுத்துவிடுவாள்.

7

இப்போது முதலில் சொன்ன இந்தத் திங்கட்கிழமைக்கு வருகிறேன். ஏழே முக்கால். சீருடை, தலை சீவல், ஷூ. தாரணி படியில் உட்கார்ந்தாள். ஒரு வருஷமும் போச்சா என்று நினைத்தேன். மணியைப் பார்த்தேன், பிறகு அவளுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ரெண்டு பேருக்கு அந்தப் படியில் இடம் பற்றாது.

"என்ன கண்ணு?"

"இன்னிக்கு முடியலைங்கம்மா. ஏன்னு தெரியல. ஞாயித்துக்கிழமையிலிருந்தே ஒரு மாதிரி இருக்கு."

ஏன் என்று கேட்கவில்லை. நாக்கு நுனிவரை வந்ததை முழுங்கினேன். ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து பிந்தி வருவதாகச் சொன்னேன். பிறகு பள்ளி எண்ணை அழுத்தினேன். இயந்திரம் பெயரைக் கேட்டது, வகுப்பைக் கேட்டது, காரணத்தைக் கேட்டது. தாரணி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என் மகளுக்கு உடம்பு நன்றாக இருக்கிறது" என்றேன். "இன்று காலை அவளுக்கு மனசு சரியில்லை. கொஞ்ச நேரம் என்னோடு இருப்பாள்." அதற்கு மேல் என்ன சொல்வது என்று தெரியாமல் போனைப் பிடித்துக்கொண்டே நின்றேன். எப்போது அனுப்புவேன் என்று எனக்கே தெரியாது.

தாரணி எட்டிப் போனை என் கையிலிருந்து வாங்கினாள். "பன்னிரண்டு மணிக்கு வந்துடுவேன்" என்று அந்த இயந்திரத்திடம் ஆங்கிலத்தில் சொல்லி வைத்தாள்.

எனக்கு ஆச்சரியமாகப் போய்விட்டது. பன்னிரண்டு மணி என்றால் நேரே சாப்பாட்டு நேரத்துக்குள் போகிறாள். வேண்டுமானால் சாப்பாடு முடிந்து ஒரு மணிக்குப் போகலாமே கண்ணு, அவர்கள் ஒன்றும் சொல்லமாட்டார்கள் என்றேன். அவள் ஷூ லேஸை அவிழ்த்துத் திரும்பக் கட்டிக்கொண்டே சொன்னாள்.

"இல்லைங்கம்மா, லஞ்சுக்குள்ள போகணும். போன வாரம் ஒரு பொண்ணு புதுசா சேந்திருக்கா. நான் போயிக் கூப்பிடலைன்னா ஹால்ல அவ தட்டைக் கையில வெச்சுட்டு நின்னுட்டே இருப்பா."